நரியின் பல்

மும்பை மான்குர்த்தில் சதுப்புநில ஓரத்து நாலா என்னும் சாக்கடைக் கால்வாயிலிருந்து எடுத்த குள்ளநரியை வனத்துறை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கியபோது, டாக்டர் கோகிலவாணி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டாள். மே மாத வெக்கையில் அது ஒரு வாரத்துக்கு மேல் சேற்றுத் தண்ணீரில் கிடந்திருக்க வேண்டும். தொட்ட இடத்தில் ரோமம் கையோடு வந்தது. கால்நடை மருத்துவக் கல்லூரியின் பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கும் உதவியாளன் நகுல்கூட ஒருதரம் வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டு வந்தான்.

குடல், ஈரல், நுரையீரல் எல்லாம் அழுகிப்போய் எதையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கழுத்தைச் சுற்றி ஒரு பள்ளம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பிறகு நகுல் வாயைத் திறந்து பிடித்தான்.

"மேடம், பல்லைப் பாருங்க. ரோஸா இருக்கு."

ஈறுக்குக் கீழே, பற்களின் வேர்ப்பக்கம், மாதுளை முத்தின் நிறத்தில் இருந்தது. கோகிலவாணி இத்தனை வருடத்தில் மிருகங்களின் வாயில் இப்படிப் பார்த்ததில்லை. மனிதர்களுக்கான தடயவியல் புத்தகத்தில் ஒரு படம் பார்த்திருந்தாள். தூக்கில் தொங்கியவரின் பற்கள். படத்துக்குக் கீழே இருந்த விளக்கத்தை முழுதாகப் படித்த ஞாபகம் அவளுக்கு இல்லை.

வாசலில் வனச்சரக அதிகாரி காத்திருந்தார். அவருக்குப் பத்திரிகைகளிலிருந்து போன்மேல் போன் வந்துகொண்டிருந்தது. "ஏதாவது ஒரு காரணம் எழுதிக் கொடுங்க மேடம், வெறும் 'தெரியவில்லை'ன்னு கொடுத்தா என்னை ஆபீஸ்ல சும்மா விட மாட்டாங்க" என்று இந்தியில் கெஞ்சினார். கழுத்தில் பள்ளம், பல்லில் சிவப்பு. கோகிலவாணி எழுதினாள்: கழுத்து நெரிக்கப்பட்டதால் மரணம் நேர்ந்திருக்கலாம், பற்களின் நிறம் இதை உறுதிப்படுத்துகிறது.

நரியின் தலையைப் பையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, உறைபெட்டியில் வைத்தார்கள். கழுத்துச் சதையில் ஒரு துண்டு ஃபார்மலின் பாட்டிலுக்குள் போனது. அன்று மாலை செம்பூரில் தன் வீட்டுக்குப் போன கோகிலவாணி இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தாள். அந்த அறிக்கையைப் பற்றி அதற்குமேல் நினைக்கவில்லை.

இரண்டாம் நாள் செல்லப்பாண்டி என்பவரைக் கைது செய்தார்கள். கோவண்டியில் ஒரு பை தைக்கும் பட்டறையில் மெஷின் ஓட்டுகிறவர். நாலாவை ஒட்டிய சந்தில் வீடு. வீட்டு வாசலில் கூண்டு வைத்துப் பத்துப் பன்னிரண்டு கோழி வளர்த்தார். நரி ஒன்று பகலிலேயே வந்து கோழியைப் பிடித்ததாகவும், "இன்னொரு தடவ இந்தப் பக்கம் வந்துச்சுன்னா கழுத்த நெரிச்சு நாலாவுல போட்டுருவேன்" என்று அவர் தெருவே கேட்கக் கத்தியதாகவும் பக்கத்து வீட்டு சபுரா விசாரணையில் சொல்லியிருந்தாள். அவர் சொன்னபடியே நரி நாலாவில் கிடந்தது. கழுத்து நெரிக்கப்பட்டது என்று டாக்டரும் எழுதிவிட்டார். நரி இப்போது புலிக்குச் சமமான பாதுகாப்பில் இருக்கிற மிருகம். ஜாமீன் லேசில் கிடைக்காது.

மறுவாரம் திங்கட்கிழமை கல்லூரிக் காவலாளி வந்து, உங்களைப் பார்க்க ஒரு பெண் காலையிலிருந்து கேட்டில் நிற்கிறாள் என்றான். முப்பத்தைந்து வயதிருக்கும். நீலப் பூப்போட்ட சேலை, தோளில் ஒரு துணிப்பை. அறைக்குள் வந்ததும் மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தாள்.

"நீங்க தமிழாம்லா? வாட்ச்மேன் சொன்னான்."

"ஆமா. தாராவியிலதான் வளர்ந்தேன். எங்க அப்பாவுக்கு வள்ளியூர்ப் பக்கம். நீங்க யாரு?"

"என் பேரு மாரிசெல்வி. நரியக் கொன்னுட்டாவன்னு ஒரு ஆளப் புடிச்சு உள்ள வச்சிருக்காவல்லா, அவிய என் வீட்டுக்காரவிய."

கோகிலவாணி எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினாள். உட்காரச் சொன்னாள். மாரிசெல்வி உட்காரவில்லை.

"அவிய வாய் நீளம் மேடம். கோவம் வந்தா என்னையுந்தான் வெட்டிருவேன்னு சொல்லுவாவ. ஒரு கோழிய அறுக்கதுக்குக்கூட அடுத்த வீட்டு ஆளக் கூப்பிடுதவிய. வக்கீல் சொன்னாரு, பல்லு ரோஸா இருந்துச்சுன்னு டாக்டரம்மா எழுதியிருக்காவ, அதான் கேஸு கெட்டியா இருக்குன்னு. பல்லு ரோஸா இருந்தா எங்க வீட்டுக்காரவியதான் கொன்னாவன்னு எப்படி மேடம் தெரியும்?"

"யாரு கொன்னாங்கன்னு நான் எழுதலம்மா. எப்படிச் செத்துச்சுன்னுதான் எழுதினேன்."

"சரி, எப்படிச் செத்துச்சுன்னு பல்லு சொல்லுமா?"

"சில சமயம் சொல்லும்."

மாரிசெல்வி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க படிச்சவிய. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள் கடைசியில். அதில் குத்தல் எதுவும் இல்லை. அப்படியே நம்பித்தான் சொன்னாள். அதுதான் கோகிலவாணியை அன்று முழுவதும் உறுத்தியது.

அந்த வாரக் கடைசியில் நகுல் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்து நின்றான்.

"மேடம், முலுண்ட் பக்கம் லாரில அடிபட்டு வந்த நரி ஒண்ணு ஞாபகம் இருக்கா? போன மாசக் கடைசில."

ஞாபகம் இருந்தது. முதுகெலும்பு நொறுங்கி, பின்கால்களை இழுத்துக்கொண்டு வந்த பெண் நரி. பிழைக்காது என்று தெரிந்ததும் கோகிலவாணியே ஊசி போட்டு அதை உறங்கவைத்தாள். கடைசி மூச்சு போகும்வரை அதன் நெற்றியில் கை வைத்திருந்தாள். மாணவர்களுக்கு மண்டையோடு வேண்டும் என்பதால் தலையை மட்டும் தண்ணீர் வாளியில் ஊறப்போடச் சொல்லியிருந்தாள். ஊறினால் சதை தானாகக் கழன்றுவிடும்.

"தண்ணிய மாத்தலாம்னு இன்னைக்குத்தான் திறந்தேன். இதோட பல்லும் ரோஸா இருக்கு மேடம்."

கோகிலவாணி கையுறை போட்டுக்கொண்டு தாடையைத் தூக்கிப் பார்த்தாள். அதே மாதுளை நிறம். இந்த நரியின் கழுத்தை யாரும் நெரிக்கவில்லை. அது எப்படிச் செத்தது என்பது உலகத்திலேயே அவளுக்குத்தான் மிக நன்றாகத் தெரியும்.

அவள் கையுறையைக் கழற்றினாள். அந்தப் பழைய தடயவியல் புத்தகத்தை எடுத்துப் படத்துக்குக் கீழே இருந்ததை முதல்முறையாக முழுவதும் படித்தாள். செத்தபின் இரத்தம் சிதைந்து, அதன் சிவப்பு பல்லின் நுண்ணிய குழாய்களுக்குள் கசிகிறது. ஈரமும் சூடும் இருந்தால், தலை தாழ்வாகக் கிடந்தால், அது அதிகமாகும். தூக்கில் செத்தவர்களிடமும் காணலாம், நீரில் மூழ்கியவர்களிடமும் காணலாம், நோயில் செத்துச் சில நாள் கிடந்தவர்களிடமும் காணலாம். மரணத்தின் காரணத்தைச் சொல்ல இதை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. கடைசி வரி அதுதான்.

ஃபார்மலின் பாட்டிலில் இருந்த கழுத்துத் துண்டை அன்றே மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றக் கொடுத்தாள். உயிரோடு இருக்கும்போது கயிறு இறுகியிருந்தால் சதைக்குள் இரத்தம் கட்டியிருக்கும். இரண்டு நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தபோது அப்படி எதுவுமே இல்லை. வனச்சரக அதிகாரிக்குப் போன் செய்து, நரியை எப்படி வெளியே எடுத்தீர்கள் என்று கேட்டாள். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"கயிறு கட்டித்தான் மேடம். சந்துக்காரங்க கழுத்துல சுருக்குப் போட்டு இழுத்துக் கரைல போட்டாங்க. வேற எப்படி எடுக்கறது?"

துறைத்தலைவர் அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. "கோர்ட்ல கூப்பிடுவாங்க. கேட்டா அப்போ சொல்லுங்க. இப்போ நீங்களாப் போய்த் திருத்தினா உங்க பழைய கேஸ் அத்தனையையும் தோண்டுவாங்க. இருபது வருஷ சர்வீஸ்."

"கோர்ட்ல கூப்பிட எவ்வளவு நாளாகும் சார்?"

"வருஷம் ஆகலாம்."

"அந்த ஆளு உள்ள இருக்காரே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தடுக்கவில்லை. அன்று பிற்பகலே கோகிலவாணி திருத்திய அறிக்கையை எழுதினாள். என் முதல் கருத்து தவறானது என்ற வரியை முதல் வரியாக வைத்தாள். அதோடு, சீல் வைத்த தலையைத் திறந்து மூளையைச் சோதிக்க அனுமதி கேட்டாள். கழுத்து நெரிபடவில்லை என்றால் நரி எப்படிச் செத்தது என்ற கேள்வி மிச்சமிருந்தது. பகலில் ஆள் நடமாட்டத்துக்கு நடுவே வந்து கோழிக்கூண்டில் வாயை வைக்கிற நரி ஆரோக்கியமான நரியாக இருக்க முடியாது.

மூளை கூழாகியிருந்தது. ஆனாலும் உறைபெட்டியில் இருந்ததால் மரபணுச் சோதனைக்கு அது போதும் என்றார்கள். ஐந்தாம் நாள் முடிவு வந்தது. ரேபிஸ்.

மின்னஞ்சலைப் படித்தவுடன் அவள் முதலில் நினைத்தது வழக்கைப் பற்றி அல்ல. செல்லப்பாண்டி அந்த நரியை எவ்வளவு நெருங்கினார்?

உடனே கிளம்பினாள். மான்குர்த் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, விசாரித்துக்கொண்டே சந்துக்குள் நுழைந்தபோது மதியம் மூன்று மணி. மாரிசெல்வி வாசலில் உட்கார்ந்து பைகளுக்கு ஜிப் முனை கோத்துக்கொண்டிருந்தாள். கணவர் வேலை பார்த்த பட்டறையிலிருந்து வீட்டுக்கு வாங்கி வந்த வேலை. கூண்டு காலியாக இருந்தது.

"கோழியெல்லாம்?"

"வித்துட்டேன் மேடம். உள்ள வாங்க."

ஒற்றை அறை. கோகிலவாணி தரையில் உட்கார்ந்தாள். வந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"மாரிசெல்வி, நான் எழுதினது தப்பு. உங்க வீட்டுக்காரர் கழுத்த நெரிக்கல. யாருமே நெரிக்கல. திருத்தி எழுதிக் கொடுத்துட்டேன்."

மாரிசெல்வியின் கை ஜிப்போடு அப்படியே நின்றது. கண் நிறைந்துவிட்டது. "அப்போ விட்டுருவாவளா?"

"விடுவாங்கன்னு நினைக்கிறேன். ஆனா அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும். நீங்க உண்மையச் சொல்லணும். அந்த நரி அவரைக் கடிச்சுதா?"

"இல்ல" என்று உடனே வந்தது பதில். "கிட்டவே போகல. தூரத்துல நின்னுதான் வெரட்டினாவ."

"கீறல்கூட இல்லையா?"

"இல்ல மேடம்."

கோகிலவாணி அவள் கண்ணைப் பார்த்தாள். ஏன் பொய் சொல்கிறாள் என்பதும் புரிந்தது. உடம்பில் நரிப்பல் பட்ட தழும்பு இருக்கிறது என்று தெரிந்தால், நரியோடு மல்லுக்கட்டியிருக்கிறான் என்று கேஸ் இன்னும் இறுகும். இத்தனை நாளாக அதை மறைத்துத்தான் இந்தப் பெண் கணவனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

"நான் சொல்றதைக் கேளுங்க. அந்த நரிக்கு வெறி இருந்துச்சு. வெறிநாய்க்கு வருதே, அதே நோய். அது கடிச்சு, ஊசி போடாம விட்டா, ஒரு மாசமோ மூணு மாசமோ கழிச்சு வரும். வந்துட்டா எந்த டாக்டராலயும் காப்பாத்த முடியாது. வர்றதுக்கு முந்தி ஊசி போட்டா தப்பிச்சிடலாம். எத்தனை நாள் கைல இருக்குன்னு எனக்குத் தெரியாது. கேஸ் ஒரு பக்கம் கிடக்கட்டும். கடிச்சுதா?"

மாரிசெல்வி எழுந்து போய் வாசலைப் பார்த்தாள். திரும்பி வந்து, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"பட்டப்பகல்ல வந்துச்சு மேடம். தள்ளாடித் தள்ளாடி. தாடை தொங்கிக்கிட்டு, எச்சி வடிஞ்சுக்கிட்டு. கூண்டுக்குள்ள மூஞ்சிய விட்டு ஒரு பொட்டக்கோழியக் கவ்விருச்சு. இவிய போயி கோழியப் புடுங்குனாவ. அதுல பல்லு பட்டுருச்சு. இந்த இடத்துல." இடது கைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தொட்டுக் காட்டினாள். "சாக்கை வீசி அடிக்கவும் நாலாப் பக்கமாப் போயிருச்சு. அந்தக் கோவத்துலதான் அப்படிக் கத்துனாவ. சுண்ணாம்பு வச்சுக் கட்டுனோம். புடிச்சிட்டுப் போகும்போது மெஷின் ஊசி குத்திருச்சுன்னு சொல்லச் சொல்லி நான்தான் சொன்னேன். நான்தான் மேடம்."

சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். கோகிலவாணி எழுந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "இப்போ சொன்னீங்கல்ல. இன்னும் நேரம் இருக்கு."

நாளை எண்ணினார்கள். கடிபட்டு முப்பத்திமூன்றாவது நாள்.

வழக்கைப் பார்த்துக்கொண்ட வக்கீல் தௌசீப் தாராவிக்காரர், இலவச சட்ட உதவியில் வந்தவர். போனில் விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் மாறியது. "இந்தக் கேஸ் கீஸெல்லாம் அப்புறம். நாளைக்குக் காலைல முதல் காரியம், ஜெயில்ல இருக்கற ஆளுக்கு அவசர சிகிச்சை வேணும்னு மனுப் போடறேன். நீங்க லேப் ரிப்போர்ட்டோட நேர்ல வரணும் டாக்டர்."

"கடிபட்டதை மனுல எழுதினா கேஸுக்குக் கெடுதல் ஆகுமான்னு மாரிசெல்வி பயப்படுறாங்க."

"கடிச்சது நரி, கடிபட்டது இவரு. அதுல என்ன குத்தம்? நான் பேசிக்கிறேன்னு சொல்லுங்க."

மறுநாள் நீதிமன்றத்தில் கூட்டம். அவர்கள் மனு பன்னிரண்டு மணிக்கு வந்தது. அரசுத்தரப்பு வக்கீல் இரண்டு அறிக்கைகளையும் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். இதிலும் இவர் கையெழுத்து, அதிலும் இவர் கையெழுத்து, எதை நம்புவது என்று கேட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். கோகிலவாணி எழுந்து நின்றாள்.

"முதல் அறிக்கையை அவசரத்தில் எழுதினேன்" என்றாள். "பல்லில் அந்த நிறத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. தெரியாது என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அதற்காக அவரை இன்னும் ஒரு நாள்கூட ஊசி இல்லாமல் வைத்திருக்காதீர்கள்."

மாஜிஸ்திரேட் லேப் அறிக்கையை இரண்டுமுறை வாசித்தார். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக உத்தரவிட்டார்.

போலீஸ் காவலோடு மருத்துவமனையில் செல்லப்பாண்டியை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். ஒல்லியான ஆள், மழிக்காத தாடி. ஆறிப்போன காயத்தைச் சுற்றி ஊசி இறங்கியபோது வலியில் பல்லைக் கடித்தார். மாரிசெல்வி தூரத்தில் நின்று புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். கிட்டே போகக் காவலர் விடவில்லை. கோகிலவாணி அவரிடம் மராத்தியில் பேசிப் பார்த்தாள். பத்து நிமிடம் கிடைத்தது. புருஷனும் பெண்டாட்டியும் அந்தப் பத்து நிமிடத்தில் பேசியது ஒன்றுமில்லை. அவள் அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர், "கோழிக்குத் தீனி வச்சியா?" என்று கேட்டார். விற்றுவிட்டதை அவள் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்றாவது ஊசி முடிந்ததும் ஜாமீன் கிடைத்தது. அதன்பிறகும் மூன்று மாதம், அவருக்குச் சின்னத் தலைவலி வந்தாலும் மாரிசெல்வி கோகிலவாணிக்குப் போன் செய்தாள். தண்ணி குடிக்கிறாரா என்று இவள் கேட்பாள், குடிக்காவ. வெளிச்சத்தப் பாத்தாக் கூசுதா, இல்ல. கை மதமதன்னு இருக்கா, இல்ல மேடம். ஒருமுறை ஆஃபீஸ் மீட்டிங் நடுவில் போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டுத்தான் வந்தாள். மூன்று மாதமும் கோகிலவாணிக்கும் சரியான தூக்கம் இல்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. செப்டம்பரில் வனத்துறை வழக்கை முடித்துக்கொண்டது. நீதிமன்ற வழக்குகளில் கருத்துச் சொல்லும் குழுவிலிருந்து கோகிலவாணியின் பெயரை ஆறு மாதத்துக்கு நீக்கினார்கள். அவள் மறுத்து எழுதவில்லை.

அந்தச் சந்தைச் சுற்றியிருந்த தெருநாய்களுக்கெல்லாம் தடுப்பூசி போட ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் நகுலும் மாணவர்களோடு போனார்கள். செல்லப்பாண்டி வாசலில் பனியனோடு நின்றுகொண்டிருந்தார். பட்டறையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதால் தாராவியில் வேறொரு பட்டறைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். கோகிலவாணி அவர் எதிரில் போய் நின்றாள்.

"நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"வேண்டாம் மேடம்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. "முப்பத்தொரு நாளு உள்ள இருந்தேன். மன்னிப்புக் கேட்டா அது இல்லன்னு ஆயிருமா? ஆனா நீங்க கோர்ட்டுல போயி தப்புன்னு சொன்னீயளாம், இவ சொன்னா. அது கோர்ட்டுல உள்ளவனுக்குத்தான் தெரியும். இங்க இன்னும் பயலுவ என்னய 'நரி'ன்னுதான் கூப்பிடுதானுவ. ஒருதரம் இங்க வச்சுச் சொல்லிருங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

கோகிலவாணி சுற்றிப் பார்த்தாள். நாயைப் பிடித்துக்கொண்டு பத்து இருபது பேர் வரிசையில் நின்றார்கள். மாடிப்படிகளில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஊசிப் பெட்டியைக் கீழே வைத்தாள். முதலில் இந்தியில் சொன்னாள், பிறகு தமிழில் சொன்னாள். இவர் நரியைக் கொல்லவில்லை. நரி நோயில் செத்தது. தண்ணீரில் கிடந்தால் எந்தப் பல்லும் அப்படி ஆகலாம். அதைக் கொலை என்று எழுதியது நான். தப்பு என்னுடையது.

பக்கத்து வீட்டு சபுரா தன் படியிலிருந்து எழுந்தாள்.

"அவரு கத்துனது என் காதுல விழுந்துச்சு. கேட்டாங்க, சொன்னேன். நான் பொய் சொல்லல டாக்டரம்மா."

"நீ பொய் சொன்னேன்னு யாரு சொன்னா அக்கா?" என்றார் செல்லப்பாண்டி. "நான் கத்தத்தானே செஞ்சேன்."

சபுரா இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் வரிசையில் முன்னால் இருந்த செவலை நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, நகுல், "மேடம், ஊசிய எடுங்க!" என்று கத்திக்கொண்டே அதன் பின்னால் ஓடினான். செல்லப்பாண்டி குனிந்து, தன் காலடியில் இழுபட்டுப் போன கயிற்றின் முனையை எட்டிப் பிடித்தார்.

"இடது கைய நீட்டாதீய!" என்று உள்ளேயிருந்து மாரிசெல்வி அலறினாள்.